செகண்ட் ஹேண்ட் ஃபோர் பை ஃபோர் வாங்கியாச்சா, லைட் பார் மாட்டறதுக்கு முன்னாடி கீழ படுத்து பாருங்க

நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போற ஃபோர் பை ஃபோர் வண்டி கைக்கு வந்த அன்னிக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. பெரிய டயர் போடலாமா, வண்டியை உசத்தற லிஃப்ட் எத்தனை இன்ச், மாட்டின வண்டியை கயிறால இழுக்கற வின்ச் எது நல்லது, மேல ரேக் வேணுமான்னு மணி ரெண்டு வரைக்கும் தேடிட்டு இருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். பெயின்ட் பளபளன்னு இருக்கு, சீட் கவர் புதுசு, வித்தவரு வேற இது ரோட்டை விட்டு கீழயே இறங்கினதில்லன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரு, நானும் நம்பிட்டு முதல் காசை கொண்டு போய் லைட்டுல போட்டேன். மூணாவது வாரம் பின்னாடி டிஃபரன்ஷியல்ல, அதாவது சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சு கொடுக்கற பல்சக்கரப் பெட்டியில இருந்து லேசா ஒரு ஊளைச் சத்தம். ஆயில் வடிக்கற ட்ரெயின் போல்ட்டை கழட்டினா முதல்ல வந்தது தண்ணி. நல்லா ஒரு டம்ளர் அளவுக்கு தண்ணி வந்துட்டு அதுக்கப்புறம்தான் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போன ஆயில் வந்துச்சு. ரோட்டை விட்டு இறங்காத வண்டி எந்த ஆத்துல குளிச்சுதோ அதுக்கே வெளிச்சம். பேரிங், கிரவுன், பினியன்னு உள்ள இருக்கற பல்சக்கரம் எல்லாம் புதுசா போட வேண்டியதா போச்சு, லைட் மட்டும் நல்லா எரிஞ்சுது.

அதுல இருந்து பழைய ஆஃப்ரோடு வண்டி எது கைக்கு வந்தாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறேன். பாடில கோடு, நெளிஞ்ச பம்பர் இதெல்லாம் பாத்து பயப்படறதில்ல, அது கண்ணுக்கு தெரியற காயம். இந்த வண்டிங்களை உள்ளுக்குள்ளயே சாகடிக்கறது தண்ணியும் தூசியும்தான், அது ரெண்டும் போய் உக்காந்த இடமெல்லாம் மூடி போட்டு, போல்ட் வெச்சு டைட் பண்ணி இருக்கும், திறந்தாதான் தெரியும். சர்வீஸ் ரெக்கார்டு இருந்தா நல்லது, பத்திரமா வெச்சுக்கோங்க, ஆனா வேலையை ஆரம்பிக்கும்போது இந்த வண்டிக்கு இதுவரைக்கும் யாரும் ஒண்ணுமே பண்ணலன்னு நெனச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

முதல்ல ஒரு விஷயம், வந்த உடனே வண்டியை கழுவாதீங்க. அழுக்கோட இருக்கும்போதுதான் எங்க ஆயில் கசியுதுன்னு தூசி ஒட்டி கருப்பா காட்டிக் கொடுக்கும். டார்ச் எடுத்துட்டு கீழ போய் எல்லா பக்கமும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அப்புறமா கீழ நல்லா தண்ணி அடிச்சு கழுவிட்டு, ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு, மறுபடி அதே இடங்களை ஃபோட்டோ எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. புதுசா ஈரமா இருக்கற இடம்தான் இப்ப கசியற இடம், மத்ததெல்லாம் எப்பவோ வழிஞ்சு காஞ்சது. பிரஷர் வாட்டர் அடிக்கும்போது சீல், ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர், ப்ரீதர் (உள்காத்து வெளிய போற சின்ன வால்வு) மேல நேரா அடிக்காதீங்க, தண்ணி எங்க போகக்கூடாதோ அங்க நாமளே அனுப்பின மாதிரி ஆயிடும்.

கீழ போறதுக்கு முன்னாடி ஜாக்கி விஷயத்துல விளையாடாதீங்க. ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், வண்டியைத் தாங்கறதுக்கு ஸ்டாண்டு வேணும், தரை கெட்டியா சமமா இருக்கணும், தரையில இருக்கற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கணும். இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியாது, பழைய லேண்ட் ரோவர் மாதிரி சில வண்டிங்கள்ல ஹேண்ட்பிரேக் சக்கரத்துல இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கற பெட்டி) பின்னாடி ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அந்த மாதிரி வண்டில பின் சக்கரம் ஒண்ணை மட்டும் தூக்கினீங்கன்னா டிஃபரன்ஷியல் வழியா தூக்கின சக்கரம் சுத்தி, தரையில இருக்கற சக்கரமும் உருள ஆரம்பிச்சிடும், ஹேண்ட்பிரேக் முழுசா இழுத்திருந்தாலும் சரி. கட்டை வெக்காம தூக்கவே தூக்காதீங்க.

சேஸிஸ்ல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா மத்த எல்லாத்தையும் மாத்தலாம், இது போனா வண்டி போன மாதிரிதான். துரு வெளிய இருந்து வர்றத விட சேஸிஸ் பட்டைக்கு உள்ள சேறு புகுந்து ஈரத்தை பிடிச்சு வெச்சு உள்ள இருந்து வெளிய வர்றதுதான் ஜாஸ்தி. சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க, நல்ல இரும்பு கணீர்னு சொல்லும், அரிச்ச இடம் மொத்தையா சத்தம் கொடுக்கும், சந்தேகம் இருந்தா ஸ்க்ரூ டிரைவர் முனையால அழுத்தி குத்திப் பாருங்க. பின் ஆக்ஸிலுக்கு மேல சேஸிஸ் வளைஞ்சு போற இடம், லீஃப் ஸ்பிரிங் ஹேங்கர், பாடி மவுன்ட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் பண்ணின இடம் இதெல்லாம் நின்னு பாருங்க, ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்துல மயிரிழை மாதிரி விரிசல் இருக்கும், பெரிய டயர் போட்டு ஓட்டின வண்டில கண்டிப்பா தேடணும். வண்டி பூரா பழசா இருந்து கீழ மட்டும் புத்தம் புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். சேஸிஸ்ல இருக்கற ட்ரெயின் ஓட்டை எல்லாம் கம்பி விட்டு குத்தி சேறை எடுத்து தண்ணி விட்டு கழுவி, நல்லா காய விட்டு, உள்ள போற மாதிரி நீளமான குழாய் வெச்ச ஸ்ப்ரேல துரு தடுப்பு மெழுகு அடிச்சு விடுங்க. சேஸிஸ் நம்பரும் பேப்பர்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு அப்படியே பாத்துடுங்க, வாங்கும்போதே பாத்திருக்கணும், பாக்கலன்னா இப்பவாவது.

அடுத்து ஆயில், இங்கதான் நான் ஜாஸ்தி நேரம் செலவு பண்ணுவேன். இன்ஜின் ஆயில் எல்லாரும் மாத்துவாங்க, அதுல தப்பு நடக்கறது கம்மி. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் இந்த நாலையும் வண்டி ஷோரூம்ல இருந்து வந்த நாள்ல இருந்து யாரும் தொடாம விட்டிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஆயில் ஊத்தற ஃபில்லர் போல்ட் ஒண்ணு, வடிக்கற ட்ரெயின் போல்ட் ஒண்ணு இருக்கும். எப்பவுமே முதல்ல ஃபில்லர் போல்ட்டை கழட்டுங்க, அது கழண்டதுக்கு அப்புறம்தான் ட்ரெயினை தொடணும். தலைகீழா பண்ணி, ஆயில் எல்லாம் வடிஞ்சதுக்கப்புறம் ஃபில்லர் போல்ட் துருப்பிடிச்சு கழலவே இல்ல, தலையும் தேய்ஞ்சு போச்சுன்னு வெச்சுக்கோங்க, ஆயில் இல்லாத வண்டியை எங்கயும் ஓட்டிட்டும் போக முடியாது, அங்கயே நின்னு முழிக்க வேண்டியதுதான். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் வெதுவெதுன்னு இருக்கும்போது வடிச்சா சீக்கிரம் வரும், அடியில தங்கின தூளும் சேந்து வந்துடும்.

வடியற ஆயிலை சுத்தமான பாத்திரத்துல பிடிச்சு நிதானமா பாருங்க. வெளுப்பா பால் மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு. ட்ரெயின் போல்ட் முனையில காந்தம் இருந்தா அதுல கருப்பு மை மாதிரி நைஸா ஒட்டியிருக்கறது சகஜம், விரல்ல தேய்ச்சா நெருடக்கூடாது. துணுக்கு துணுக்கா இரும்பு, பல்லு முனை உடைஞ்ச மாதிரி ஏதாவது வந்தா ஆயிலை மாத்தி மூடிட்டு போயிடாதீங்க, திறந்து பாக்கணும். கியர்பாக்ஸ் ஆயில்ல தங்க கலர்ல மினுமினுன்னு இருந்தா அது கியர் சுலபமா விழ வைக்கற சிங்க்ரோ ரிங்கோட பித்தளை, கொஞ்சமா இருந்தா பரவால்ல, நிறைய இருந்து கியர் விழும்போது கரகரன்னு சத்தமும் வந்தா அடுத்த செலவு அங்கதான். இன்ஜின் ஆயில் கருப்பா இருக்கறது டீசல் வண்டில ஒரு அறிகுறியே இல்ல, மாத்தின கொஞ்ச நாள்லயே கருப்பாயிடும், அதை வெச்சு யாராவது உங்களை பயமுறுத்தினா கண்டுக்காதீங்க.

எந்த ஆயில் ஊத்தணும்னு மேனுவல்ல போட்டிருக்கறத மட்டும் நம்புங்க. டிஃபரன்ஷியலுக்கு பொதுவா ஜிஎல்-5ங்கற தர கியர் ஆயில், ஏன்னா அதுல ஹைப்பாய்டு பல்லு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டே சுத்தும், அந்த அழுத்தத்துக்கு ஸ்பெஷலா மருந்து கலந்த ஆயில் வேணும். ஆனா அதே ஆயில் மிச்சம் இருக்குன்னு ஜிஎல்-4 கேக்கற கியர்பாக்ஸ்ல ஊத்தினா பித்தளை சிங்க்ரோவை அது அரிக்கலாம், கியரும் சரியா விழாது. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல சிலதுக்கு கியர் ஆயில், சிலதுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஊத்தற சிவப்பு ஆயில், பாக்க ஒரே மாதிரி டப்பா மாதிரி இருக்குன்னு ஊகத்துல ஊத்தாதீங்க. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம தடுக்கற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தா அதுக்கான ஆயில் இல்லன்னா தனி சேர்மானம் வேணும், இல்லாட்டி திரும்பும்போது பின்னாடி இருந்து உறுமும். அளவு ரொம்ப சிம்பிள், வண்டி சமமான தரையில நிக்கணும், பெரும்பாலான டிஃபரன்ஷியல்ல ஃபில்லர் ஓட்டை விளிம்புல ஆயில் வந்து தொட்டா போதும், விரலை மடக்கி உள்ள விட்டுப் பாத்துக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸா இருந்தா ஆயிலை மோந்து பாருங்க, கருகின வாடை வந்தா கிளட்ச் தேய்ஞ்சிருக்கு. ரொம்ப வருஷமா மாத்தாத ஆட்டோமேட்டிக்ல மெஷின் வெச்சு மொத்தமா ஃப்ளஷ் பண்றதுல எனக்கு இஷ்டமில்ல, வடிச்சு ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடிச்சு ஊத்தறதுதான் என் வழக்கம்.

சரி, டிஃபரன்ஷியலுக்குள்ள தண்ணி எப்படி போகுது, அது மூடின டப்பாதானே. போறதுக்கு வழி ப்ரீதர். ஓடும்போது உள்ள இருக்கற காத்து சூடாகி விரியும், அது வெளிய போறதுக்கு மேல ஒரு சின்ன வால்வு இல்லன்னா குழாய் இருக்கும். சூடான ஆக்ஸிலோட திடீர்னு குளிர்ந்த தண்ணியில இறங்கும்போது உள்ள காத்து சட்டுனு சுருங்கும், சுருங்கினா வெளிய இருக்கறத இழுக்கும், ப்ரீதர் சேறு அடைச்சு மூடிக்கிட்டு இருந்தா ஆக்ஸில் சீல் வழியாவே தண்ணியை உறிஞ்சிடும். அதே அடைச்ச ப்ரீதர் சூட்டுல உள்ள அழுத்தத்தை ஏத்தி சீலை வெளிய தள்ளி ஆயில் கசியவும் வைக்கும், அதனால பின் சக்கரம் பக்கம் ஆயில் கசிஞ்சா சீல் மாத்தறதுக்கு முன்னாடி ப்ரீதரை ஊதிப் பாருங்க, நிறைய பேர் சீல் மாத்தி மாத்தி மறுபடி கசியுதேன்னு மண்டையை பிச்சுக்கறது இதனாலதான். நாலு ப்ரீதரையும் ரப்பர் குழாய் போட்டு இன்ஜின் ரூம்ல உசரமான இடத்துக்கு கொண்டு வந்து கட்டிடுங்க, முனையில ஒரு சின்ன ஃபில்டர் போதும். ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடும், அதனால குழாய் கொஞ்சம் தொளதொளன்னு விட்டு கட்டணும். ஆஃப்ரோடு வண்டில காசுக்கு ஏத்த பலன் தர்ற முதல் மாடிஃபிகேஷன் எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன், ஃபோட்டோல ஒண்ணும் தெரியாது, அதான் யாரும் பண்றதில்ல.

தூசி போற வழி ஏர் ஃபில்டர். ஃபில்டர் அழுக்கா இருக்கான்னு எல்லாரும் பாப்பாங்க, நீங்க ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜினுக்கு போற குழாயை கழட்டி உள்ள சுத்தமான வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்க. மண்ணு ஒட்டினா ஃபில்டரை தாண்டி தூசி போயிருக்கு, அந்த மண்ணு பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டு தேய்ச்ச மாதிரி தேய்ச்சிருக்கும், அப்படிப்பட்ட இன்ஜின்ல ஆயில் ஃபில்லர் மூடியை திறந்து வெச்சு ஐடில்ல விட்டா புஸ் புஸ்னு ஜாஸ்தியா புகை வரும். டர்போ டீசல்ல அந்தக் குழாய்ல லேசா ஆயில் ஈரம் இருக்கறது வேற, அது சகஜம். இன்ஜினுக்கு காத்தை உசரத்துல இருந்து இழுக்கற ஸ்னார்க்கல் குழாய் மாட்டியிருந்தா அதை பாத்து சந்தோஷப்படாம ஒவ்வொரு இணைப்பும் காத்து பிடிக்குதான்னு பாருங்க, பாதி வண்டில பாடியை தாண்டி உள்ள வர்ற ரப்பர் மூட்டு சும்மா செருகி வெச்சிருப்பாங்க, அது தண்ணிக்கு எந்த விதத்துலயும் உதவாது. ஃபில்டர் டப்பாவோட அடியில ஒரு ரப்பர் வால்வு இருக்கும், அதை காணோம்னா அது வழியாவும் தூசி உள்ள ஏறும்.

முன்னாடி வாங்க. முன் சக்கரத்தை தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா வீல் பேரிங், சக்கரம் திரும்பற மூட்டான பால் ஜாயின்ட் இல்லன்னா கிங்பின் ஆட்டம் தெரியும், இடது வலது பிடிச்சு ஆட்டினா ஸ்டியரிங் கம்பியோட முனை மூட்டான டை ராட் எண்ட் ஆட்டம் தெரியும். பக்கத்துல ஒருத்தரை வெச்சு பிரேக்கை மிதிக்க சொல்லிட்டு ஆட்டுங்க, ஆட்டம் நின்னுச்சுன்னா பேரிங், நிக்கலன்னா பால் ஜாயின்ட் பக்கம். ஜிம்னி, ரேங்ளர், 70 சீரிஸ் லேண்ட் க்ரூசர் மாதிரி முன்னாடி ஒரே தண்டா ஆக்ஸில் இருக்கற வண்டில இன்னொரு வியாதி இருக்கு, ஒரு வேகத்துல பள்ளத்துல விழுந்ததும் ஸ்டியரிங் கைல நிக்காம பேய் பிடிச்ச மாதிரி உதறும். இதுக்கு உடனே எல்லாரும் உதறலை அடக்கற ஸ்டியரிங் டேம்பர் மாத்துவாங்க, கொஞ்ச நாள் நல்லா இருக்கும், ஏன்னா டேம்பர் வியாதியை மூடி வைக்குமே தவிர தீக்காது. ஆக்ஸிலை பக்கவாட்டுல நகராம பிடிக்கற பன்ஹார்டு ராடோட ரப்பர் புஷ், அது மாட்டியிருக்கற போல்ட் ஓட்டை நீள்வட்டமா தேய்ஞ்சிருக்கா, டை ராட் எண்ட், கிங்பின் பேரிங், வீல் பேலன்ஸ், இந்த வரிசையில தேடுங்க. இன்ஜின் ஓட ஒருத்தர் ஸ்டியரிங்கை கொஞ்சமா இடது வலது ஆட்டிட்டே இருக்க, நீங்க வெளிய இருந்து ஒவ்வொரு மூட்டையும் பாத்தாலே ஆடற மூட்டு தெரிஞ்சிடும். முன் நக்கிள்ல, அதாவது சக்கரம் திரும்பற மூட்டுல, உருண்டை இருக்கற டைப்ல அந்த உருண்டை மேல கஞ்சி மாதிரி கருப்பா கிரீஸும் ஆயிலும் கலந்து வழிஞ்சா உள்ள ஆக்ஸில் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸோட கலந்துடுச்சுன்னு அர்த்தம், துடைச்சு விட்டா சரியாகாது. சிவி ஜாயின்ட் (திரும்பும்போதும் சக்கரத்துக்கு சக்தி கடத்தற மூட்டு) வண்டியா இருந்தா அதை மூடியிருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னு மடிப்பு மடிப்பா விரிச்சு பாருங்க.

லிஃப்ட் பண்ணின வண்டின்னா இன்னும் நாலு இடம் கூட பாக்கணும். பிரேக் ஹோஸ் முழு இறக்கத்துல இழுத்துப் பிடிக்குதா, ஆக்ஸிலுக்கு சக்தி கொண்டு போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் ரொம்ப செங்குத்தா இருக்கா, ஆக்ஸில் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குதா, பின் ஆக்ஸில்ல லோடுக்கு ஏத்த மாதிரி பிரேக்கை மாத்தற வால்வு இருந்தா அதோட கம்பியை சரி பண்ணியிருக்காங்களா. அந்தக் கம்பியை விட்டுட்டா வண்டி எப்பவும் லோடு இல்லாம காலியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு பின் பிரேக்கை கம்மி பண்ணிடும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை கையால பிடிச்சு முறுக்கி, மேல கீழ தூக்கி பாருங்க, அதோட முனை மூட்டான யூ ஜாயின்ட் கிராஸ்ல ஆட்டமே இருக்கக்கூடாது, கப்பை சுத்தி சிவப்பா துருப்பொடி இருந்தா கிரீஸ் காஞ்சு போச்சு. முன்னும் பின்னும் மாத்தும்போது டொக்குனு சத்தம் வந்தா இங்கதான் முதல்ல பாக்கணும். ஷாஃப்டை கழட்டறதா இருந்தா ரெண்டு பக்கமும் பெயின்ட்ல கோடு போட்டு வெச்சுட்டு கழட்டுங்க, நீண்டு சுருங்கற ஸ்லிப் ஜாயின்டை பல்லு மாத்தி சேத்துட்டா ரெண்டு முனை யோக்கும் (யூ ஜாயின்டை பிடிக்கற கவை) ஒரே நேர்ல நிக்காது, வண்டி பூரா அதிரும். கிரீஸ் கன் ஒண்ணு சொந்தமா வாங்கிடுங்க. கிரீஸ் ஏத்தற நிப்பிளை துணியால துடைச்சுட்டு அடிக்கணும், இல்லன்னா வெளிய இருக்கற மண்ணை நாமளே உள்ள தள்ளறோம், பழைய கிரீஸ் வெளிய வந்து புது கிரீஸ் எட்டிப் பாக்கற வரைக்கும் அடிங்க, ஸ்லிப் ஜாயின்டுக்கு மட்டும் நிதானமா, ரொம்ப அடிச்சா அது சுருங்க இடமில்லாம போயிடும்.

ஃபோர் வீல் விழுதான்னு டெஸ்ட் பண்ண தார் ரோட்டுக்கு போகாதீங்க. நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட் டைம் சிஸ்டம்ல திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகணும், வழுக்க இடமில்லாத காஞ்ச ரோட்டுல அந்த வித்தியாசம் எல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல முறுக்கா சேரும், லீவர் மாட்டிக்கும், ஏதாவது உடையவும் செய்யும். மண்ணு தரையில ஃபோர் ஹை (நாலு சக்கரமும் சாதாரண வேகத்துல) போட்டு மெதுவா நல்லா வளைச்சு திருப்புங்க, லேசா இழுத்துப் பிடிக்கற மாதிரி இருந்தா விழுந்திருக்கு. டேஷ்போர்டுல லைட் எரியறதை மட்டும் நம்பாதீங்க, வெளிய ஒருத்தரை நிக்க வெச்சு முன் சக்கரம் மண்ணை பறிக்குதான்னு பாக்க சொல்லுங்க. மெதுவா ஆனா பலமா இழுக்கற ஃபோர் லோவுக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரல் போட்டு மாத்தணும். லோ ரேஞ்ச் பொதுவா 2-ல இருந்து 4 மடங்கு வரைக்கும் கியரை குறைக்கும், அதனால மேட்டுல ஆக்ஸிலரேட்டரே கொடுக்காம ஏறணும், டக்குனு கியர் வெளிய குதிச்சா டிரான்ஸ்ஃபர் கேஸ்ல வேலை இருக்கு. முன் சக்கரத்தை ஆக்ஸிலோட சேக்க கையால திருப்பற லாக்கிங் ஹப் இருந்தா சக்கரத்தை தூக்கி, ஃப்ரீல வெச்சு சுத்தினா உள்ள ஆக்ஸில் சுத்தக்கூடாது, லாக்ல வெச்சா சேந்து சுத்தணும். வருஷக்கணக்கா யாரும் ஃபோர் வீல் போடாத வண்டிதான் சந்தைல ஜாஸ்தி, லீவர் கல்லு மாதிரி இருக்கும், அதனால சரியானதுக்கு அப்புறமும் மாசம் ஒரு தடவையாவது மண்ணு ரோட்டுல கொஞ்ச தூரம் போட்டு ஓட்டுங்க.

இன்ஜின் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லா வண்டிக்கும் பாக்கறதுதான். காலைல முழுசா ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, நிக்காம வெள்ளையா இனிப்பு வாடையோட வந்தா கூலன்ட் எரியுது, கருப்பா வந்தா டீசல் ஜாஸ்தி இல்ல காத்து கம்மி. ஸ்டார்ட் பண்ணி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி ஆச்சுன்னா ஹெட் கேஸ்கெட்டை சந்தேகப்படுங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு பில்லு இல்லன்னா, டென்ஷனர், வாட்டர் பம்போட சேத்து மாத்திடுங்க, இதுல மட்டும் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, நிறைய இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதும். ஆஃப்ரோடு வண்டிக்குன்னு தனியா பாக்க வேண்டியது ரேடியேட்டர். முன்னாடி இருந்து பாத்தா சுத்தமா இருக்கும், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பூசி விட்ட மாதிரி சேறு காஞ்சு கிடக்கும், லோ ரேஞ்ச்ல மெதுவா ஏறும்போதுதான் சூடு ஏறும், ரோட்டுல ஓட்டினா தெரியவே தெரியாது. இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, கம்மி அழுத்தத்துல தண்ணி விட்டு கழுவுங்க. கூலன்ட் எந்த வகைன்னு தெரியாம மேல மேல ஊத்தினா சிலது கலந்து ஜெல்லி மாதிரி கட்டிக்கும், அதனால மொத்தமா வடிச்சு, தண்ணி விட்டு கழுவி, காய்ச்சி வடிகட்டின தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து புதுசா ஊத்துங்க. சூடா இருக்கும்போது மூடியை திறக்காதீங்கன்னு சொல்ல வேண்டியதே இல்ல, இருந்தாலும் சொல்லிட்டேன். டீசல் வண்டின்னா ஃபில்டர் அடியில இருக்கற தண்ணி வடிக்கற திருகை திறந்து வடிச்சுட்டு, ஃபில்டரை புதுசு போட்டுடுங்க.

பிரேக்ல டிரம்மை கண்டிப்பா கழட்டணும். உள்ள சேறு காஞ்சு செங்கல் மாதிரி கிடக்கும், நான் ஒரு தடவை எடுத்த மண்ணுல ஒரு செடியே வெச்சிருக்கலாம். டிஸ்க் பிரேக்ல காலிப்பர் ஸ்லைடு பின் கையால வழுக்கணும், மாட்டிக்கிட்டா ஒரு பக்க பேடு மட்டும் தேஞ்சிருக்கும். பின் ஆக்ஸிலுக்கு மேல ஓடற இரும்பு பிரேக் பைப்பை சேறை சுரண்டிட்டு பாருங்க, துரு பொரிஞ்சிருந்தா யோசிக்காம மாத்துங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேந்தா கொதிக்கற சூடு குறையும், நீளமான இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி போறது அதனாலதான், 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், நமக்கு எப்ப மாத்தினாங்கன்னு தெரியாததால இப்பவே. டாட் 3, டாட் 4 ரெண்டும் ஒரே குடும்பம், டாட் 5 சிலிக்கான், அதை இதோட கலக்கவே கூடாது.

டயர்ல பட்டன் எவ்வளவு இருக்குன்னு பாக்கறத விட வயசை பாருங்க. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319-னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. 10 வருஷம் தாண்டினது பாக்க புதுசா இருந்தாலும் எடுத்துடுங்க, ஸ்டெப்னியையும் சேத்துதான் சொல்றேன், அது பின்னாடி வெயில்லயே தொங்கிட்டு கிடந்திருக்கும். நாலும் ஒரே சைஸ், ஒரே அளவு தேய்மானம் இருக்கணும், சுத்தளவு மாறினா ஃபோர் வீல் போட்ட உடனே டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அதே முறுக்கு பிரச்சனைதான். முன் டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்து அலைன்மென்ட் பண்ணியும் சரியாகலன்னா ஆக்ஸில் ஹவுசிங்கே வளைஞ்சிருக்கலாம், எங்கயோ குதிக்க வெச்சிருக்காங்க.

வயரிங் பத்தி பேசினா எனக்கு கோவம் வரும். பழைய ஓனர் மாட்டின லைட், ஹார்ன், வின்ச், ரேடியோ ஒவ்வொண்ணும் பேட்டரில இருந்து எங்க போகுதுன்னு விரலால பிடிச்சுக்கிட்டே போங்க, பேட்டரிக்கு பக்கத்துலயே ஃபியூஸ் இல்லாத லைட் வயர் எது இருந்தாலும் அன்னிக்கே கழட்டிடுங்க, ஆடி ஆடி பாடில உரசினா தீதான். முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் எல்லாம் தண்ணியில இறங்கினா பச்சை பூத்துடும். இன்ஜின் நின்னு சில மணி நேரம் ஆனதும் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும், ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருக்கற புது வண்டில இது கொஞ்சம் மாறும். பேட்டரியை கிளாம்ப் போட்டு இறுக்கி இருக்காங்களான்னும் பாருங்க. ஸ்கேனர் போட்டா எர்ரர் ஒண்ணும் இல்லாம, ஆனா ரெடினஸ் டெஸ்ட் (வண்டி தன்னைத்தானே சோதிச்சுக்கறது) எதுவும் முடியலன்னு காட்டினா விக்கறதுக்கு முன்னாடிதான் எர்ரரை அழிச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க, ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி பாருங்க.

உள்ள வெள்ளம் போன வண்டியான்னு பாக்க சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க, கடைசி அடில சேறு கறை இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டாங்க. கார்பெட்டை தூக்கி அடியில கை வெச்சுப் பாருங்க, சீட் தண்டவாள போல்ட் துரு, ஹெட்லைட் உள்ள கோடு, இதெல்லாம் சாட்சி சொல்லும்.

இழுக்கற கொக்கி விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. லாரில ஏத்தி கட்டறதுக்கு கம்பெனி வெச்ச மெல்லிசான வளையத்துலயும், டிரெய்லர் மாட்டற உருண்டையிலயும் கயிறு மாட்டி சேத்துல இருந்து இழுக்காதீங்க, அது பிச்சுக்கிட்டு வந்தா துப்பாக்கி குண்டு மாதிரி வரும், ஆள் செத்திருக்காங்க. சேஸிஸ்ல நேரா போல்ட் பண்ணின, எடை அளவு போட்ட ரெக்கவரி பாயின்ட் முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு இருக்கணும். வின்ச் இருந்தா கயிறை முழுசா அவுத்து பாத்து சுத்துங்க, இரும்புக் கயிறுல இழை பிரிஞ்சிருந்தா வேண்டாம், சிந்தெடிக் கயிறு வெயில்ல நரைச்சு போயிருந்தாலும் வேண்டாம்.

இவ்வளவும் முடிஞ்சா ஒரு நோட்டு போட்டு தேதி, கிலோமீட்டர், எந்த ஆயில் எவ்வளவு ஊத்தினீங்கன்னு எழுதி வண்டிலயே வைங்க. முதல் ட்ரிப் சின்னதா, தனியா இல்லாம இன்னொரு வண்டியோட போங்க. மணல்ல 15-ல இருந்து 18 பிஎஸ்ஐ வரைக்கும் காத்தை இறக்கலாம், வண்டி எடையைப் பொறுத்து கொஞ்சம் மாறும், ரொம்ப இறக்கினா திரும்பும்போது டயர் ரிம்மை விட்டு கழண்டுடும், தார் ரோடு ஏறறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்திடணும், அதனால கம்ப்ரஸர் இல்லாம காத்தை இறக்காதீங்க. சக்கரம் கழட்டி மாட்டினா 50-ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் போட்டு பாக்கணும், லீஃப் ஸ்பிரிங் யூ போல்ட்டும் அப்படித்தான். சக்கரத்துக்கு மேல தண்ணி ஏறின ட்ரிப்னா வீட்டுக்கு வந்து தூங்கறதுக்கு முன்னாடி இல்லாட்டியும் மறுநாளாவது கிரீஸ் அடிச்சுட்டு, ஒரு ராத்திரி நின்னதுக்கப்புறம் டிஃபரன்ஷியல் ட்ரெயின் போல்ட்டை அரை சுத்து தளர்த்துங்க. தண்ணி கனம், அடியில தங்கியிருக்கும், உள்ள போயிருந்தா முதல் சொட்டே தண்ணியாத்தான் வரும். ஆயில் வந்தா உடனே இறுக்கிட்டு போய் படுங்க.